பில்டரை வெட்டி எறியாதீர்கள்: கொங்கு நாட்டு லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம், ஈரோடு, கரூர், கோவை வட்டாரங்களின் லாரி உரிமையாளர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், டேங்கர், டிரெய்லர், டிப்பர் உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய வண்டிகளை நம்பிப் பிழைக்கும் என்னைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற மாசு விதிப்படி வந்த லாரிகளின் சைலன்சர் பெட்டிக்குள் டி.பி.எஃப். என்ற துகள் வடிகட்டி இருக்கிறது. பேச்சில் நாம் பில்டர் என்று சொல்லும் அந்தப் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெறும் கூட்டை வெல்டிங் வைத்து மூடி, அது இல்லாததை இசியூ என்ற இன்ஜின் கணினி கண்டுகொள்ளாதபடி மென்பொருளையும் மாற்றித் தரும்படி என் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அந்த வேலையைச் செய்வதில்லை. ஏன் என்று கேட்கிறார்கள். அடுத்த லோடுக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தோடு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நிற்கிறவரிடம் அதை ஆற அமர விளக்க முடிவதில்லை. ஆகவே சங்கங்களின் வழியாக எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில், கேட்கிறவர்களின் நிலை எனக்குத் தெரியாததில்லை. டீசல், சுங்கச்சாவடி, இன்சூரன்ஸ், டயர், மாதத் தவணை என்று எல்லாம் ஏறிக்கொண்டிருக்க, வாடகை மட்டும் ஏறாத தொழில் இது. நாக்பூர் தாண்டி எங்கோ ஒரு சாலையில் பில்டர் விளக்கு எரிந்து, இழுவை பாதியாகக் குறைந்து, வண்டி ஓரங்கட்டி நின்றால், டிரைவருக்குப் படி கொடுக்கவும் சரக்குக்காரருக்குப் பதில் சொல்லவும் வேண்டியவர் உரிமையாளர்தான். கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால் புதிதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அந்த நேரத்தில் சில ஆயிரம் ரூபாயில் பிரச்சினையை அடியோடு தீர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் அவர் தீர்ப்பது உங்கள் வண்டியின் பழுதை அன்று. அந்தப் பழுதை உங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த பாகத்தைத்தான் அவர் கழற்றிக்கொண்டு போகிறார். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வெட்டி எடுத்த பில்டரும் அதற்கு முன்னால் இருக்கும் டி.ஓ.சி. என்ற வினையூக்கிக் கட்டையும் பழைய இரும்பு விலைக்குப் போவதில்லை. அவற்றின்மேல் பிளாட்டினமும் பல்லேடியமும் பூசப்பட்டிருக்கின்றன. அவற்றை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. ‘பழசை இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள்’ என்று சொல்லும் பட்டறையின் பெருந்தன்மைக்கு இதுவும் ஒரு காரணம்.

பில்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். கார்டியரைட் அல்லது சிலிக்கான் கார்பைடு என்ற பீங்கான் வகைப் பொருளால் ஆன உருளை அது. அதன் முகத்தைப் பார்த்தால், நுண்ணிய சதுரத் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடைக்கப்பட்டிருப்பது தெரியும். முன்பக்கம் திறந்திருக்கும் துளை பின்பக்கம் அடைபட்டிருக்கும், முன்பக்கம் அடைபட்டது பின்பக்கம் திறந்திருக்கும். ஒரு துளைக்குள் நுழைந்த புகைக்கு நேராக வெளியேற வழி கிடையாது; பக்கத்துச் சுவரின் நுண்துவாரங்கள் வழியாகப் புகுந்து அடுத்த துளைக்குப் போய்த்தான் வெளியே வர முடியும். வாயு சுவரைக் கடந்துவிடும், கரி கடக்காது. சுவரின்மேல் மெல்லிய படலமாகக் கரி படிந்த பிறகு அந்தப் படலமே இன்னொரு வடிகட்டியாகிவிடுவதால், ஓரளவு கரி பிடித்த பில்டர் புத்தம் புதிய பில்டரைவிட நன்றாக வடிகட்டும். உடைசல் இல்லாத ஒரு பில்டர், எடைக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 95 பங்குக்கு மேலும், துகள்களின் எண்ணிக்கைக் கணக்கில் 99 பங்குக்கு மேலும் கரியைப் பிடித்து வைக்கிறது.

‘பி.எஸ்.4 வண்டிகளில் பில்டர் இல்லாமலே ஓட்டினோமே, அப்போது என்ன கெட்டுப்போயிற்று’ என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அதற்கான பதில் விதிகளின் எண்களிலேயே இருக்கிறது. கனரக டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட் மணி வேலை செய்யும்போது வெளியிடக்கூடிய துகளின் எடை, நிலையான ஓட்டச் சோதனையில், பி.எஸ்.3 காலத்தில் 0.10 கிராம், பி.எஸ்.4-இல் 0.02 கிராம், 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6-இல் 0.01 கிராம். சராசரியாக 100 கிலோவாட் திறனில் ஒரு மணி நேரம் இழுக்கும் வண்டி பி.எஸ்.3 ஆனால் 10 கிராம் வரையிலும், பி.எஸ்.6 ஆனால் 1 கிராம் வரையிலும் கரியை விடலாம் என்று பொருள். 0.02-க்கும் 0.01-க்கும் பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும். வித்தியாசம் எடையில் இல்லை. பி.எஸ்.6 விதி முதன்முறையாகத் துகள்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்தது. ஏறி இறங்கி ஓடும் சோதனையில், ஒரு கிலோவாட் மணிக்கு 60,000 கோடித் துகள்கள் என்பது அந்த வரம்பு. கேட்பதற்கு இது பெரிய எண்ணாக இருக்கலாம். ஆனால் பில்டர் இல்லாத டீசல் இன்ஜின், எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும், அதே வேலைக்கு 10 லட்சம் கோடியிலிருந்து ஒரு கோடி கோடி வரை துகள்களை வெளியே தள்ளும். இன்ஜினுக்குள் செய்யும் திருத்தங்களால் மட்டும் இந்த இடைவெளியைக் கடக்க முடியாது என்பதால்தான் கனரக வண்டிகளில் பில்டர் கட்டாயத் தேவையாயிற்று.

இந்தத் துகள்களில் பெரும்பாலானவை 100 நானோமீட்டர் அளவிலோ அதற்கும் கீழோ இருப்பவை. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர் என்னும்போது, இவற்றைக் கண்ணால் புகையாகப் பார்க்க எதிர்பார்ப்பது வீண். பழைய பம்பு வைத்த இன்ஜின்கள் கருகருவெனப் புகை கக்கிய காலத்தில் வெளிவந்தவை கொத்துக் கொத்தான பெரிய துகள்கள். காமன் ரெயில் வந்து, டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் பனிபோலத் தூவத் தொடங்கிய பிறகு கரும்புகை மறைந்தது; துகள்கள் சிறுத்துப்போயினவே தவிர இல்லாமல் போய்விடவில்லை. மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் அடி வரை இறங்கக்கூடியவை இந்தச் சிறிய துகள்கள்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்து, அதை முதல் தொகுதியில் சேர்த்தது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வேலை பார்க்கும் என் பையன்களும், கேபினுக்குள்ளேயே உண்டு உறங்கும் உங்கள் டிரைவர்களும் கிளீனர்களும்தான் அந்த வரிசையில் முதலில் நிற்கிறார்கள்.

இங்கேதான் புகைச் சான்று என்ற ஏற்பாடு நம்மை ஏமாற்றுகிறது. லோடு இல்லாமல் நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து, சைலன்சரிலிருந்து வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளப்பதே அந்தச் சோதனை. பி.எஸ்.4 டீசல் வண்டிக்கு வரம்பு மீட்டருக்கு 1.62, பி.எஸ்.6 வண்டிக்கு 0.7. ஒரு நல்ல காமன் ரெயில் இன்ஜின், பில்டரே இல்லாமல்கூட, இந்த 0.7-க்குள் நின்றுவிடும். அதாவது பில்டர் இருக்கும் வண்டிக்கும் வெட்டி எடுத்த வண்டிக்கும் அதே சான்றுதான் கிடைக்கிறது, ஓராண்டுக்கும் செல்லுகிறது. ‘சார், புகையே வரவில்லை, சான்றும் வந்துவிட்டது, இதில் என்ன தப்பு’ என்று கேட்கிறவரின் கையில் அந்தத் தாள் இருக்கிறது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்.

கருவி எதுவும் இல்லாமல் நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். இன்ஜின் ஆறிய பிறகு, சைலன்சரின் வெளிக்குழாய்க்குள் விரலை விட்டு உட்சுவரைத் தேய்த்துப் பாருங்கள். பில்டர் ஒழுங்காக இருக்கும் பி.எஸ்.6 வண்டியில், லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், உட்சுவர் உலோக நிறத்திலேயே இருக்கும். விரலில் சாலைப் புழுதிதான் ஒட்டும். விரல் கறுத்துப்போனால் பில்டர் விரிசல் விட்டிருக்கிறது அல்லது உள்ளே பில்டரே இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயர் பட்டனைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது; முந்தைய உரிமையாளர் செய்த வேலைக்கு நாளை நீங்கள் பதில் சொல்லும்படி ஆகக் கூடாது.

அடைப்பு என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பணம் போகிற இடம் இதுதான். பில்டரில் படிந்த கரி இரண்டு வழிகளில் எரிகிறது. புகையின் வெப்பம் 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது, டி.ஓ.சி. உண்டாக்கித் தரும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை ஓசையில்லாமல் எரித்துக்கொண்டே வரும். இதற்கு டிரைவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த வெப்பம் போதாதபோது, இசியூ தானே முடிவெடுத்து, கூடுதல் டீசலைத் தூவி டி.ஓ.சி.யில் எரியவைத்து, புகையின் வெப்பத்தை 550, 600 டிகிரிக்கு உயர்த்திக் கரியை எரிக்கும். நாம் ரீஜென் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். முழு லோடோடு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போகும் லாரிக்கு முதல் வழியே பெரும்பாலும் போதும். தொப்பூர்ப் பக்கம் ஒரு மேடு ஏறினாலே பில்டர் நன்கு சூடேறிவிடும். அடைப்போடு என்னிடம் வருபவை பெரும்பாலும் வேறு வண்டிகள். தீவன மில்லிலிருந்து பண்ணைக்கும் பண்ணையிலிருந்து மில்லுக்குமாக ஓடும் கோழித்தீவன லாரி, குவாரி வரிசையில் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்து எம்-சாண்ட் ஏற்றி வரும் டிப்பர், ஊருக்குள்ளேயே சுற்றும் தண்ணீர் லாரி, கான்கிரீட் கலவை வண்டி. இவற்றில் புகை சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஒரே மாடல் வண்டி ஒருவருக்குத் தொல்லையே தராமலும் இன்னொருவருக்கு மாதம் ஒருமுறை விளக்கு எரிந்தும் ஓடுவதன் காரணம் இதுவே தவிர, கம்பெனி ஒருவருக்கு நல்ல பில்டரும் மற்றவருக்கு மட்டமான பில்டரும் கொடுத்தது அன்று.

டிரைவர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. டாஷ்போர்டில் ரீஜெனைத் தடுத்து வைக்கும் சுவிட்ச் பல மாடல்களில் இருக்கிறது. பஞ்சு மில் குடோனிலும், வைக்கோல் ஏற்றும் இடத்திலும், எரிவாயு நிரப்பும் நிலையத்திலும் அதை அழுத்தித் தடுப்பது சரியான செயல். எங்கள் நாமக்கல் டேங்கர் டிரைவர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வெளியே வந்த பிறகு அதை விடுவிக்க மறந்துபோவதுதான் கேடு. பல நாள் தடுத்து வைத்த பில்டரில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும். பிறகு ஒருநாள் ரீஜென் தொடங்கி, கரி பற்றி எரியும் நேரத்தில், டிரைவர் டீக்கடையைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டால், வெப்பத்தை அடித்துக்கொண்டு போக வேண்டிய புகையோட்டம் சட்டென்று குறைந்துபோகும். உள்ளே வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டிப் பீங்கான் விரிசல் விடும், சில சமயம் உருகவும் செய்யும். ஆகவே ரீஜென் விளக்கு எரியும்போது முடிந்தவரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முடியாவிட்டால், காய்ந்த புல்லோ குப்பையோ இல்லாத இடத்தில் நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி நின்ற ரீஜெனை முழுவதும் முடிக்க வேண்டும்.

அடிக்கடி ரீஜென் கேட்கும் வண்டியில் நான் முதலில் பில்டரைத் தொடுவதே இல்லை. இன்ஜெக்டர் சொட்டுகிறதா, டர்போவின் சீல் தேய்ந்து ஆயில் கசிகிறதா, இண்டர்கூலர் ஹோஸ் வெடித்துக் காற்று வெளியேறுகிறதா, ஏர் பில்டர் புழுதி அடைத்து மூச்சுத் திணறுகிறதா, பில்டரின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமான அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சாரின் சிறு ரப்பர் குழாயில் வெடிப்போ தண்ணீரோ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருவேன். பெரும்பாலான வண்டிகளில் இந்த வரிசையிலேயே எங்கோ ஓரிடத்தில் விடை கிடைத்துவிடும். சொட்டும் இன்ஜெக்டர் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரியை உண்டாக்குகிறது. பில்டர் அதைச் சுமந்து சுமந்து கடைசியில் விளக்கைப் போட்டு முறையிடுகிறது. பில்டரை எடுத்துவிட்டால் விளக்கும் போய்விடும், முறையீடும் போய்விடும். இன்ஜெக்டர் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்து, ஒருநாள் பிஸ்டன் தலையில் ஓட்டை போட்ட பிறகு உங்களுக்குத் தெரியவரும். ரெண்டாயிரம் ரூபாய் ஹோஸில் முடிய வேண்டியது இன்ஜின் வேலை வரை போன வண்டிகளை நம் ஊர்ப் பட்டறைகளில் பார்த்தாயிற்று.

கரி எரியும், சாம்பல் எரியாது. அடுப்பில் விறகு எரிந்து தீர்ந்தாலும் சாம்பல் அடுப்பிலேயே கிடப்பதுபோல, எத்தனை ரீஜென் நடந்தாலும் சாம்பல் பில்டருக்குள்ளேயே தங்கி, துளைகளின் அடைபட்ட முனையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படும். இந்தச் சாம்பல் டீசலிலிருந்து வருவது மிகக் குறைவு. பெரும்பகுதி இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம், மெக்னீசியம், பாஸ்பரஸ் சேர்மானங்களிலிருந்தே வருகிறது. இதனால்தான் பி.எஸ்.6 வண்டிக்குக் குறைந்த சாம்பல் தரும் சிகே-4 போன்ற தர ஆயிலைக் கம்பெனிகள் வலியுறுத்துகின்றன; அந்தத் தரத்தில் சல்ஃபேட்டட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய வண்டிகளுக்கு ஊற்றிப் பழகிய சிஐ-4 வகை ஆயிலுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும் இன்ஜின் 3 லட்சம் கிலோமீட்டரில் 60 லிட்டர், அதாவது ஏறத்தாழ 52 கிலோ ஆயிலை எரித்திருக்கும். ஆயிலில் சாம்பல் 1 சதவீதம் என்றால் பில்டருக்குப் போகக்கூடியது அதிகம் போனால் அரை கிலோ, 1.5 சதவீதம் என்றால் முக்கால் கிலோவுக்கும் மேல். ஆயில் மாற்றும்போது பேரலில் மிச்சம்பிடிக்கும் சில நூறு ரூபாய், பில்டரின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது என்றால் இதுதான் கணக்கு. வண்டிக்கு எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பதற்கு ரசீது வைத்திருக்கும் உரிமையாளர் நம்மில் எத்தனை பேர்?

டீசலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, பி.எஸ்.4-இல் அது 50 வரை அனுமதிக்கப்பட்டது. கந்தகம் கூடினால் டி.ஓ.சி.யின் பூச்சு செயலிழந்து, ரீஜெனுக்கு வேண்டிய வெப்பம் வராமல் போகும். பயோ டீசல் என்ற பெயரில் பீப்பாயில் விற்கப்படும் மலிவான எண்ணெய்களில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது. அதை ஊற்றிவிட்டுப் பில்டரைத் திட்டுவதில் நியாயமில்லை. வயலுக்குப் போடும் உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கப் புகையில் யூரியாக் கரைசல் தூவும் எஸ்.சி.ஆர். அமைப்பின் டேங்கில் ஊற்றும் வழக்கமும் இதே ரகம். 2015 முதல் நம் நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருவது, பயிருக்கு நல்லது, தூவும் நாசிலுக்கு நல்லதல்ல.

சாம்பல் சேர்ந்த பில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியும். உலையில் வைத்து மெதுவாகச் சூடேற்றிக் கரியை எரித்து, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றை அடித்துச் சாம்பலை வெளியே தள்ளி, முன்னும் பின்னும் எடையையும் காற்றோட்டத்தையும் அளந்து பார்ப்பதே முறையான வழி. வாட்டர் சர்வீஸ் கன்னைக் காட்டித் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் சாம்பல் சேறாகித் துளையின் அடியில் இறுகும், பூச்சும் கழன்றுபோகும். ஆசிட் ஊற்றுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தச் சாம்பலை வாசலில் தட்டிவிடுவதும் கூடாது; வேலை செய்பவர் மூக்கு மூடியில்லாமல் அதன் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

பில்டரை எடுத்தால் மைலேஜ் கூடும் என்ற பேச்சில் உண்மை சிறிது உண்டு, ஆனால் சிறிதுதான். நல்ல நிலையில் உள்ள பில்டர் புகையைத் தடுப்பதால் வரும் பேக் பிரஷருக்கும் ரீஜெனுக்கும் சேர்த்துச் செலவாகும் டீசல், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதைவிடக் கூடுதலாக மைலேஜ் ஏறியதாகச் சொல்லப்படும் வண்டிகளில் நடந்தது, ஏற்கெனவே அடைத்துப்போயிருந்த பில்டரால் வந்த நஷ்டம் நீங்கியதே தவிர வேறில்லை. அந்த நஷ்டத்தைச் சுத்தம் செய்தும் மீட்டிருக்கலாம். இழப்பதைப் பாருங்கள்: முன்னால் இருக்கும் டி.ஓ.சி.யையும் சேர்த்து எடுத்தால் நைட்ரஜன் டை ஆக்சைடின் விகிதம் குறைந்து, குறைந்த வெப்பத்தில் எஸ்.சி.ஆர். மந்தமாகும், அதை விட்டுவிட்டுப் பில்டரை மட்டும் எடுத்தாலும், தடுப்பின்றி வரும் கரி எஸ்.சி.ஆர். கட்டையின்மேல் படிந்து அதையும் கெடுக்கும். பிறகு யூரியா பக்கத்திலும் பிழைக் குறி வரும். அதற்கு இன்னொரு மென்பொருள், இன்னொரு செலவு. சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; அப்படி மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். காற்று மாசு வரம்பை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சாலையில் பிடிபடும்போது இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உரிமையாளரும் ஓட்டியவரும். வெட்டித் தந்தவர் வாசலில் நின்று கையசைப்பார்.

பில்டர் உண்மையில் ஊருக்குப் பயன் தருமா என்று கேட்கிறவர்களுக்கு, சாலையோரத்திலேயே அளந்து பார்த்த ஓரிடத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுக்கும் லாரிகளுக்குப் பில்டர் கட்டாயமாக்கப்பட்டது. பழைய இன்ஜின்கள் மாற்றப்பட்டு, ஏறத்தாழ எல்லா லாரிகளிலும் பில்டர் வந்த பிறகு, 2009-க்கும் 2013-க்கும் இடையில், அவை வெளியிடும் கரியின் சராசரி ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. அந்த அளவீட்டில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மிச்சமிருந்த கரியில் பாதிக்கும் மேற்பட்டது, பத்தில் ஒரு பங்கு லாரிகளிலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்தது. ஒன்பது பேர் ஒழுங்காக வைத்திருப்பதை ஒருவர் கெடுத்துவிட முடியும் என்பதே இதன் பொருள். குறையையும் சொல்லிவிட வேண்டும்: எஸ்.சி.ஆர். இல்லாத பழைய இன்ஜின்களில் பின்னாளில் பொருத்தப்பட்ட பில்டர்கள் கரியைக் குறைத்தாலும், புகையில் நைட்ரஜன் டை ஆக்சைடின் பங்கைக் கூட்டிவிட்டன. நம் பி.எஸ்.6 லாரிகளில் பில்டரோடு எஸ்.சி.ஆரும் சேர்ந்தே வருவது அதனால் நல்லதாயிற்று. இரண்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய ஏற்பாடு இது. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை நம்ப முடியாது.

சங்கங்களிடம் நான் கேட்பது இவற்றைத்தான். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ, சங்கமே முதல் போட்டு, உலையும் காற்றோட்ட அளவியும் கொண்ட பில்டர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அமையுங்கள். லாரி பாடி கட்டுவதிலும், டேங்கர் ஓட்டுவதிலும், ரிக் வண்டியை இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோவதிலும் பெயர் வாங்கிய ஊர்களுக்கு இது பெரிய காரியமில்லை. சுத்தம் செய்த பில்டரைக் கையிருப்பில் வைத்து, அடைத்த பில்டரைக் கொடுத்துவிட்டு அன்றே மாற்றிக்கொண்டு போகும்படி செய்தால், வண்டி நிற்கும் நாளும் மிச்சமாகும், வெட்டுகிறவரின் வாசலில் கூட்டமும் குறையும்.

தயாரிப்புக் கம்பெனிகளிடம் தனித்தனியாகப் போய் நிற்காமல் சங்கமாகப் போய் ஒரு கேள்வியை வையுங்கள். 16 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பு 7 லட்சம் கிலோமீட்டர் அல்லது 7 ஆண்டுகள் தாங்க வேண்டும் என்பது பி.எஸ்.6 ஒப்புதலின் நிபந்தனை. முறையான ஆயில் ஊற்றி, முறையாகப் பராமரித்த வண்டியில் 2 லட்சம் கிலோமீட்டரில் பில்டர் போய்விட்டால் அந்தச் செலவு யாருடையது? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டாய ரீஜென் செய்யவும் சுத்தம் செய்த பிறகு இசியூவில் இருக்கும் சாம்பல் கணக்கைத் திருத்தவும் வேண்டிய ஸ்கேனர் வசதியை வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான கட்டணத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கதவு மூடியிருப்பதும், திருட்டு மென்பொருள் விற்கிறவருக்கு வியாபாரம் நடக்க ஒரு காரணம்.

மூன்றாவது கோரிக்கை சிலருக்குக் கசக்கும். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனையில் துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவரும்படி போக்குவரத்துத் துறையிடம் நாமே கேட்க வேண்டும் என்கிறேன். பெல்ஜியம் 2022-இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இலும் இதைத் தொடங்கிவிட்டன. ஐடிலில் ஓடும் வண்டியின் சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டுச் சில நிமிடங்களில் முடிக்கும் சோதனை அது. ஒரு கன சென்டிமீட்டருக்கு நெதர்லாந்தில் 10 லட்சமும் ஜெர்மனியில் 2.5 லட்சமும் வரம்பு. நல்ல பில்டர் உள்ள வண்டி சில ஆயிரத்துக்குள்ளேயே நின்றுவிடும், வெட்டிய வண்டி தப்ப முடியாது. புதிய சோதனையை நாமே கேட்டு வாங்குவதா என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முறையான ஆயில் ஊற்றி, இன்ஜெக்டர் மாற்றி, பில்டரைச் சுத்தம் செய்து ஓட்டும் உரிமையாளர், அந்தச் செலவு எதுவும் செய்யாமல் வெட்டிப் போட்டு ஓட்டுகிறவரோடு அதே வாடகைக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. இன்றைய புகைச் சான்று இந்த இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. இதை மாற்றுவதால் நஷ்டப்படப் போவது யார் என்று பார்த்தால், எதிர்க்க வேண்டியவர் நாமில்லை.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அடைத்துப்போனது என்று சொல்லிக் கழற்றி வைத்திருக்கும் பில்டர்களை உறுப்பினர்கள் கொண்டுவரட்டும், கூடவே அந்த வண்டிகளின் ஆயில் ரசீதையும் கொண்டுவரட்டும். அடைத்திருப்பது கரியா, சாம்பலா, டர்போ கக்கிய ஆயிலா என்பதை எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல நான் கட்டணமின்றி வருகிறேன்.

இப்படிக்கு,
டீசல் பம்பு, இன்ஜெக்டர் பட்டறைக்காரன் ஒருவன்,
திருச்செங்கோடு.